வீட்டை விற்றுப் பார்!

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்றனர் நம் முன்னோர். வீட்டை விற்றுப்பார் என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. வீடு விற்பதென்பது அக்காலத்தில் நொடித்துப்போன குடும்பத்தின் கதையாகவே கருதப்பட்டமையால், அதைப் பற்றிப் புத்தி சொல்ல எவரும் முன்வரவில்லைப் போலும். இன்று நிலைமை வேறு. கண்டி நகரிலும் அதன் சுற்றயலிலும், கட்டுகஸ்தோட்டை தொடங்கிப் பேராதனை வரை, அம்பிட்டிய தொடங்கிக் குண்டசாலை வரை, வாயிற்கதவில் "விற்பனைக்கு" என்ற அட்டை தொங்கும் வீடுகளைக் காண்பது அரிதன்று. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப, வங்கிக் கடனை அடைக்க, வைத்தியச் செலவைச் சமாளிக்க, பிள்ளைகள் எல்லோரும் பறந்துவிட்ட பிறகு படியேற முடியாத முதுமையில் சமதரையில் ஒரு சிறு வீடு தேட என்று காரணங்கள் பல.

விற்பவர்கள் இரு வகையினர். சிறிய வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்குவோர் முதல் வகை. அவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வேறு வழியின்றி விற்போர் இரண்டாம் வகை. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கணவனை இழந்த பெண்கள், கடையை மூடிவிட்ட சிறு வியாபாரிகள் முதலியோர் இதில் அடங்குவர். வீட்டைச் செப்பனிடப் பணமிருந்தால் இவர்களிற் பாதிப்பேர் வீட்டை விற்கவே மாட்டார்கள். ஆனால் செப்பனிடாத வீட்டுக்கு உரிய விலை கிடைக்காது என்று இவர்களிடமே சொல்லப்படுகின்றது. இந்த முரண்பாட்டிலேதான் இவர்கள் அகப்பட்டுக்கொள்கின்றனர்.

அகப்பட்டுக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றே. "முன்பக்கத்துக்கு ஒரு கோட் பெயின்ட் அடியுங்கள், இரண்டு இலட்சம் கூடக் கேட்கலாம்" என்பார் தரகர். அயலவரும் அதையே சொல்வார். பெயின்ட் கடைக்காரர் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையிலிருந்த கடைசி ஆபரணத்தை அடகு வைத்து முன்சுவருக்கு வர்ணம் பூசியவர்களை நானறிவேன். வர்ணம் பூசுவது பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகச் செய்யவேண்டிய காரியம். கண்டியிலே கையில் கொஞ்சப் பணத்துடன் வீடு விற்கப் போகிறவர், அப்பணத்தை முதலில் உறுதிப் பெட்டிக்கும், அடுத்துக் கூரைக்கும் வடிகாலுக்கும், மிஞ்சினால் மாத்திரமே சுவருக்கும் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அத்துடன் எந்தக் குறையையும் பூசி மறைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்க.

வீட்டை அலங்கரித்து விற்கும் வழக்கம் மேனாடுகளிலிருந்து தொலைக்காட்சி வழியாக நம்மிடம் வந்தது. தளபாடங்களை மாற்றி வைத்து, பூச்சாடி வைத்து, வீட்டை ஒரு நாடக மேடையைப்போல் ஆயத்தம் செய்வதற்கென்றே அங்கே தொழில்முறை வல்லுநர்கள் உளர். ஆனால் அமெரிக்காவில் உரிமைப் பத்திரத்தைப் பரிசோதிக்கத் தனி நிறுவனங்களும், உரிமையிற் கோளாறு வந்தால் ஈடுசெய்யக் காப்புறுதியும், கூரை முதல் அத்திவாரம் வரை பார்த்து அறிக்கை தரும் பரிசோதகர்களும் இருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எலும்பையும் நரம்பையும் வேறு யாரோ பார்த்துக்கொள்வதால், அங்கே விற்பவர் முகத்துக்கு மா பூசினாற் போதும். இங்கே எலும்பையும் நரம்பையும் பார்க்க வேண்டியவர் விற்பவரே.

முதலில் உறுதிப் பெட்டி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் அசையாச் சொத்தொன்றை விற்பதாயின் அது நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்ட உறுதியாக இருத்தல் வேண்டும். வாய்ப் பேச்சும் வெற்றுத்தாளில் இட்ட கையெழுத்தும் செல்லா. வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவகத்திலே ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலப் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பார். அந்தப் பதிவுகளின் பிரதியை அவர் எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துப் பாருங்கள். தாத்தா காலத்தில் வைத்த ஈடு மீட்கப்பட்டும் பதிவில் நீக்கப்படாமல் கிடக்கலாம். உறுதியில் எழுதப்பட்ட பேர்ச்சஸ் கணக்கும் நிலத்தில் இருக்கும் அளவும் ஒவ்வாமல் இருக்கலாம். வீட்டுக்கு வரும் ஒழுங்கை உங்கள் உறுதியில் வழியுரிமையாகக் குறிப்பிடப்படாமலே போயிருக்கலாம். மலைநகரமாகிய கண்டியில் இந்தக் கடைசி விடயம் மிக முக்கியமானது. "வாகனம் வாசல்வரை வருமா?" என்பதே வாங்க வருகிறவர் கேட்கும் முதற் கேள்வி. வரும் என்று வாயாற் சொன்னாற் போதாது, உறுதி சொல்லவேண்டும்.

அடுத்தது பங்காளிகள். பெற்றோர் மரணசாதனம் எழுதாமல் இறந்துபோன வீடுகளில், எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இன்றி விற்பனை நடவாது. நம்மவர் குடும்பங்களில் அந்த வாரிசுகள் ஒருவர் ரொறன்ரோவிலும் மற்றவர் இலண்டனிலும் இன்னொருவர் சென்னையிலுமாக இருப்பர். வெளிநாட்டிலுள்ளவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். அது இங்கே பதிவு செய்யப்படவும் வேண்டும். இதற்கு மாதங்கள் செல்லும். வாங்குபவர் முற்பணத்துடன் வந்து நின்ற பிறகு தம்பியின் கையெழுத்துக்கு அலைந்தால், அவர் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். அல்லது உங்கள் அவதியைக் கண்டு விலையைக் குறைத்துக் கேட்பார். உடன்பிறந்தாரிடம் தொலைபேசியில் பேசிச் சம்மதம் பெறுவதற்கு வர்ணப்பூச்சின் விலையிற் பத்திலொரு பங்குகூட ஆகாது.

மூன்றாவது, உள்ளூராட்சிக் கடதாசிகள். வீடு கண்டி மாநகர சபை எல்லைக்குள் இருப்பினும் பிரதேச சபையொன்றின் எல்லைக்குள் இருப்பினும், வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி அரசாங்கத் தேவைக்குச் சுவீகரிக்கப்படவில்லை எனும் சான்றிதழும் கேட்கப்படும். ஆதன வரி நிலுவையிருந்தால் இவற்றுக்காகப் போய் நிற்கும்போது அது முன்னே வந்து நிற்கும். ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 இற்கு முன்னர் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. மகளின் கல்யாணத்தின்போது அவசரமாகக் கட்டிய பின்னறை, மேலே எழுப்பிய ஒற்றை அறை ஆகியவற்றுக்கு அனுமதி பெற்ற வரைபடம் உண்டா என்று பாருங்கள். இல்லையேல், அதை இப்போது முறைப்படுத்த முடியுமா என்று சபையின் தொழில்நுட்ப அலுவலரிடம் விசாரியுங்கள். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராயின், வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த அறையைக் கணக்கிற் சேர்க்காமல் விட்டுவிடக்கூடும். 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட நகரம் நம்முடையது. பழைய நகரப் பகுதியில் கட்டடத்தின் முகப்பைத் தொடுவதற்கு முன்னர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின் கீழ், 2018 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து சொத்து விற்பனை இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி மீண்டும் வந்தது. ஆயினும், விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தமக்கு உரியதாயிருந்து, அதில் இரண்டு ஆண்டுகளேனும் தாம் வசித்த பிரதான வதிவிடத்துக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆகவே வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் முதலியவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லும்போது மறைக்கமுடியாத ஒரு குறையையும் சொல்லவேண்டும். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் கண்டியில் நம்மவர் பலர் தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட உறுதியிலே கையெழுத்திட்டுவிட்டு வருகின்றனர். ஆவணத்தை வாசித்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசின் சட்டபூர்வக் கடமை. "வாசித்து விளங்கப்படுத்துங்கள், ஐயா" என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அதற்குக் காசு தேவையில்லை. துணிவு மட்டும் போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். கண்டியில் வீட்டின் முதல் எதிரி தண்ணீர். கொழும்பில் உப்புக்காற்று இரும்பைத் தின்பதுபோல் இங்கே ஈரம் சுவரைத் தின்கிறது. ஆண்டின் மிக ஈரமான காலம் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். சிறு பொசிவும் அப்போது பெருங்கறையாகிவிடும். கையிலுள்ள பணத்திற் பெரும்பங்கைக் கூரைக்கும் பீலிக்கும் கானுக்கும் ஒதுக்குங்கள். உடைந்த நான்கு ஓடுகளை மாற்றுவது, நழுவிய முகட்டோட்டைச் சாந்து வைத்து இறுக்குவது, துருப்பிடித்த பீலியின் ஒரு துண்டை மாற்றுவது, மழைநீர் சுவரடியில் விழாமல் கானுக்குச் செல்லும்படி ஒரு குழாய் இணைப்பது என்பன ஒரு மேசனும் ஒரு கையாளும் இரண்டொரு நாளிற் செய்து முடிக்கக்கூடிய வேலைகள். அஸ்பெஸ்ரோஸ் கூரையாயின் பாசியைக் காய்ந்த நிலையிற் சுரண்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பகை.

மலைச்சரிவிலுள்ள வீடுகளுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் இருக்கும். அச்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் விடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கான வழிகள் அவை. காலப்போக்கில் மண்ணும் பாசியும் வேரும் அடைத்து அவை மூடிவிடும். வெளியேற வழியற்ற நீர் சுவரின் பின்னே தேங்கி அதைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளி நிற்பதற்கும் ஒருநாள் சரிந்து விழுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு கம்பியும் ஒரு முழு நாளும் இருந்தால் அத்துளைகளைத் துப்புரவாக்கலாம். சுவர் ஏற்கனவே வயிறு தள்ளியிருந்தாலோ சரிந்திருந்தாலோ அதைத் தொடாமல் விடுங்கள். அறிந்தவரை அழைத்துக் காட்டிய பிறகே கை வைக்கவேண்டும். வர்ணம் பூசிய வாயிற்சுவரைவிட, துளைகள் ஒழுங்காக நீர் வடிக்கும் பின்சுவர், வீடு பார்க்க வரும் விபரமறிந்தவரின் மனதில் அதிக நம்பிக்கையை ஏற்படுத்தும் என்பதில் ஐயமில்லை.

பழைய வீடுகளுக்கு வர்ணம் பூச நினைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்டியின் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. அச்சுவர்கள் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் வெளியே விடும். அவற்றின் மேல் விலையுயர்ந்த பிளாஸ்டிக் வகை வர்ணத்தைப் பூசினால், வெளியேற முடியாத ஈரம் உள்ளே தங்கி, அடுத்த மழைக்குள் வர்ணத்தைக் கொப்புளமாக எழுப்பி உரித்துவிடும். அச்சுவர்களுக்கு ஏற்றது நம் பாட்டன்மார் அடித்த சுண்ணாம்பு வெள்ளையே. இங்கே மலிவானதே சிறந்ததாகவும் இருப்பது கையிற் பணமில்லாதவருக்குக் கிடைத்த ஓர் அதிர்ஷ்டம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவேயில்லை. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் வீடு வாங்குவதில்லை. எசலப் பெரஹரா நாட்களில் கண்டி நகருக்குள் வந்து வீடு பார்ப்பது எவருக்கும் இயலாது. ஒக்டோபர், நவம்பர் மழை மாதங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது கண்டியில் வானிலை அறிக்கையும் கூட. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரையுள்ள காலம் ஒப்பீட்டளவில் வறண்டது. சுவர் காயும், பாதை வழுக்காது, சுபமுகூர்த்தங்களும் உண்டு. ஏப்ரல் புத்தாண்டுக்கு முன் புதுவீடு புக விரும்புவோரும் அப்போதுதான் தேடுவர். மழை முடிந்த கையோடு கூரையைப் பார்த்து, மார்கழியிற் கடதாசிகளைத் தயார்செய்து, தையில் விளம்பரம் கொடுப்பதே சிக்கனமான திட்டம். ஆனால் மழைக்காலத்தில் எங்கே ஒழுகியது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, கேட்பவரிடம் சொல்லவும் வேண்டும்.

அடுத்தது விளக்குமாறு. வேண்டாத பொருட்களை அகற்றி, சன்னல்களைக் கழுவி, முற்றத்தைக் கூட்டி, எரியாத மின்குமிழ்களை மாற்றி, தொங்கும் மின்கம்பிகளை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு ஒழுங்கு செய்தால் வீட்டின் முகமே மாறும். வீட்டை மறைக்கிறதென்று பலா மரத்தைத் தறித்துவிடாதீர்கள். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றித் தறிக்கமுடியாது. அத்துடன் சரிவிலே நிற்கும் மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளை கழித்தாற் போதும்.

புதிய சமையலறை, புதிய தரையோடு, புதிய குளியலறை ஆகியவற்றை விற்பனைக்காகச் செய்யாதீர்கள். கண்டி நகருக்குள் விலையை முதலிற் தீர்மானிப்பது காணியின் பேர்ச்சஸ் கணக்கும் பாதையின் அகலமுமே. வாங்குபவர் பழைய வீட்டை இடித்துவிட்டு வேறு கட்டவும் கூடும். இடிக்கப்போகும் வீட்டுக்கு நீங்கள் கடன்பட்டுப் பதித்த தரையோட்டின் விலையை அவர் தரப்போவதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த அலை தணிந்துவிட்டது. ஆனால் அப்போது ஏறிய சீமெந்தின் விலையும் கம்பியின் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கடன்பட்டுத் திருத்தி விற்பது சூதாட்டத்துக்கு ஒப்பானது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். அது வெடிப்பு. 2020 ஆகஸ்ட் மாத இறுதியிலிருந்து திகன, விக்டோரியா அணைக்கட்டுச் சுற்றயலில் சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டன. அதன்பின் அப்பகுதியில் வீடு பார்க்க வருவோர் வெடிப்பு உண்டா என்று சுவரைத் தடவிப் பார்க்கத் தொடங்கினர். பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. உறங்கிய வீட்டோடு மண்ணுள் புதைந்தவர்களின் செய்திகளை நாம் வாசித்தோம். அதன்பின்னரும், சரிவில் நிற்கும் வீட்டின் வெடிப்புகளில் பட்டி இட்டு நிரப்பி, மேலே வர்ணம் பூசி, "புதிதாக வர்ணம் பூசப்பட்டது" என விளம்பரம் செய்வோமாயின் அதை என்னவென்று சொல்வது?

எல்லா வெடிப்பும் ஆபத்தானதன்று. பூச்சு காய்ந்ததால் வரும் மயிரிழை வெடிப்பு வேறு. கதவு நிலையின் மூலையிலிருந்து படிக்கட்டைப்போல் ஏறிச்செல்லும் வெடிப்பு, மழைக்குப்பின் அகலும் வெடிப்பு, முற்றத்து மண்ணிலும் தொடரும் வெடிப்பு, சாய்ந்துவரும் மரமோ மின்கம்பமோ வேறு. பின்னவை நிலம் நகர்கின்றது என்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் கண்டால் மேசனை அழைப்பதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கோ அறிவியுங்கள். மண்சரிவு அபாயம் பற்றிச் சொல்வதற்குத் தகுதியுள்ள நிறுவனம் அதுவே. இந்த வீட்டில் குடியிருக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதைக் குடியிருப்பு என்று இன்னொருவருக்கு விற்பதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை. நம் பிள்ளைகளை உறங்க வைக்க அஞ்சும் அறையில் பிறர் பிள்ளைகள் உறங்கலாம் என்று சொல்லிப் பணம் வாங்குவது வியாபாரமாகாது.

"உண்மையைச் சொன்னால் விலை விழுந்துவிடுமே, ஏழைக்கு மட்டுந்தானா தர்மம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரு பதில்கள் உண்டு. முதலாவது, சட்டம். அசையாச் சொத்து விற்பனையில் இங்கே வழங்குவது ரோமன்-டச்சுச் சட்டம். வெளியே தெரியாத குறையொன்றை அறிந்துகொண்டே மறைத்து விற்றவர் பின்னர் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். விற்ற பணம் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணமாகச் சென்றுவிட்ட பிறகு வழக்கு வந்தால் எதைக் கொண்டு ஈடு செய்வீர்கள்?

இரண்டாவது, சந்தையின் இயல்பு. ஜோர்ஜ் அகர்லொப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970 இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் கார்களையும் சந்தேகித்து எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கேட்பார்; அதனால் நல்ல காரை வைத்திருப்பவரும் நட்டமடைவார் என்பதே அதன் சாரம். கண்டியில் வெடிப்பைப் பூசி மறைக்கும் ஒவ்வொருவரும், பூசாத பத்துப்பேரின் விலையையும் குறைக்கிறார். அந்தச் சந்தேகத்தைப் போக்கும் கடதாசி கையிலுள்ளவருக்கே விலை நிற்கும். ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீடு விற்பவர் விற்பனைக்கு இடும்போதே வீட்டின் நிலைபற்றிய நிபுணர் அறிக்கையை முன்வைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. நம் நாட்டில் அப்படியொரு சட்டமில்லை. ஆயினும் கூரை திருத்திய பற்றுச்சீட்டு, நில அளவைப்படம், வரி கட்டிய துண்டு, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு கோப்பிலிட்டு வீடு பார்க்க வருகிறவர் முன் வைத்துப் பாருங்கள். பேரத்தின் தொனியே மாறும்.

அவசரம் பற்றியும் சொல்லவேண்டும். கண்டித் தமிழருக்கு அவசர விற்பனை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் நகரின் கடைகளும் வீடுகளும் எரிந்த பின்னர், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர்கள் இருந்தார்கள். அன்று உறுதியில் எழுதப்பட்ட தொகைகளைத் தீர்மானித்தது பயமே. இன்று நம்மை அவசரப்படுத்துவது கடன்காரனோ விசா விண்ணப்பத் திகதியோதான். அந்த அவசரத்தைத் தரகரிடம் சொல்லிவிட்டால் அது அரைமணி நேரத்தில் வாங்குபவரின் காதுக்குப் போய்ச்சேரும். வறியவரிடம் உள்ள ஒரே மூலதனம் காலம். விற்க எண்ணிய நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஆயத்தத்தைத் தொடங்குகிறவர், அந்த மூலதனத்தை ஒழுங்காக முதலிடுகிறார்.

இவ்வளவும் எழுதும்போது, இந்த அறிவுரை எதுவும் பயன்படாத மக்களை நினையாமல் இருக்க இயலவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இதே கண்டி மாவட்டத்திலேதான் இருக்கிறது. அதன் பின்னான ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலைச்சரிவு லயன் அறைகளிற் பிறந்து இறந்த தலைமுறைகளுக்குத் தாம் வாழ்ந்த அறைக்கு உறுதி இருந்ததில்லை. ஒழுகும் கூரையை அவர்கள் தம் பணத்தில் திருத்தினர், முற்றத்தைக் கூட்டினர், சுவருக்கு வெள்ளையும் அடித்தனர். ஆனால் அவ்வுழைப்பின் ஒரு சதமும் விலையாக அவர்கள் கைக்குத் திரும்பியதில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டங்கள் வந்த பிறகும், தெளிவான உறுதி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. மண்சரிவு அபாயம் உண்டு, இடம்பெயருங்கள் என்று சொல்லப்படும்போது, விற்றுவிட்டு வேறிடம் போக அவர்களுக்கு எதுவுமில்லை. உறுதி என்ற ஒரு கட்டுக் கடதாசியின் பெறுமதியை அறிய விரும்புபவர் அது இல்லாதவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே நம் அலுமாரியின் அடித்தட்டில் உறுதி ஒன்று இருக்குமாயின், அது பெரும் பேறு என்பதை முதலில் உணர்வோம். கரையான் அரிக்காமல் அதை வெளியே எடுத்து, எழுத்து எழுத்தாக வாசிப்போம். வாசிக்கத் தெரியாத மொழியாயின் வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேட்போம். சபைகளும் தம் பங்கைச் செய்யலாம். வீடு விற்போர் பெறவேண்டிய சான்றிதழ்களின் பட்டியலையும் கட்டணத்தையும் மும்மொழியிலும் எழுதி வாசலில் ஒட்டுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மலைச்சரிவு வீடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் நிலை அறிக்கை வழங்க ஓர் ஏற்பாடு வந்தால், விற்பவருக்கும் நன்மை, வாங்குபவருக்கும் உயிர்க்காப்பு.

வர்ணப்பூச்சுக்குப் பணம் மிஞ்சினால் பூசுங்கள். வேண்டாமென்று யார் சொன்னார்? முன்கதவுக்கும் வாயிலுக்கும் பூசினாற் போதும். மிஞ்சாவிட்டால் கவலை வேண்டாம். ஒழுகாத கூரையும், நீர் வடியும் கானும், ஒழுங்கான கோப்பும், "இந்த மூலையில் மழைக்காலத்தில் சற்று ஈரம் கசியும்" என்று தயங்காமற் சொல்லும் வீட்டுக்காரரும் இருக்கும் வீட்டை, மங்கிய சுவருக்காக எவரும் விட்டுச்செல்வதில்லை.